கையுறை தானாக விரலைத் திறந்தால் கை குணமாகிவிடுமா?

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து கை விழுந்துவிட்டது என்றால், விசாரிக்க வருகிறவர்கள் மூன்று யோசனைகளைத் தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவர், கரண்ட் வைத்தால் கை வந்துவிடும் என்பார். இன்னொருவர், ரப்பர் பந்தை விடாமல் அமுக்கச் சொல்வார். கைப்பேசியில் காணொளி பார்த்த இளைஞர், ரோபோ கையுறை ஒன்றை வாங்கி மாட்டினால் அது தானாகவே விரல்களை மடக்கி விரித்துக் கையைப் பழையபடி ஆக்கிவிடும் என்பார். முப்பது ஆண்டு தேயிலை பறித்த என் சித்திக்கு இடது கை விழுந்தபோது இந்த மூன்றையும் கேட்டோம், மூன்றையும் செய்தோம். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் கைக்கு, எந்தக் கட்டத்தில், எதற்காக என்பதை விட்டுவிட்டுச் சொல்லப்படும்போது அந்த உண்மையே வீட்டாரின் பணத்தையும், அதைவிட முக்கியமாக, நோயாளியின் முதல் சில மாதங்களையும் வீணாக்கிவிடுகிறது. கைக்கு மறுவாழ்வு தரும் கருவிகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து விளக்கவே இந்தக் கட்டுரை.

பல்பு போனதா, கம்பி அறுந்ததா?

ஆடிக் காற்றில் சில்வர் ஓக் மரம் மின்கம்பியின்மேல் விழுந்தால் வீட்டில் விளக்கு எரியாது. பல்பு உடைந்தாலும் விளக்கு எரியாது. இருட்டு ஒன்றுதான் என்றாலும் கோளாறு இருக்கும் இடம் வேறு. கம்பி அறுந்த வீட்டில் புது பல்பு மாட்டிப் பயனில்லை.

பக்கவாதம் முதல் வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ அந்தப் பகுதியின் உயிரணுக்கள் இறந்துபோவதுதான் பக்கவாதம். அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. மூளையிலிருந்து இறங்கும் கட்டளை நரம்புகளில் பெரும்பாலானவை, மூளையின் அடித்தண்டைத் தாண்டும் இடத்தில் மறுபக்கம் கடந்துவிடுகின்றன. ஆகவே வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் இடது கை விழுகிறது. அந்தக் கையின் எலும்பு, தசை, தோல் எல்லாம் முதல் நாளில் அப்படியே நன்றாகவே இருக்கின்றன. வராமல் போனது கட்டளை.

தொழிற்சாலை இயந்திரத்தில் கை சிக்கியோ, கவாத்துக் கத்தி பட்டோ ஏற்படும் காயம் இரண்டாம் வகை. இங்கே மூளை நலமாக இருக்கிறது, கட்டளையும் புறப்படுகிறது, நிறைவேற்ற வேண்டிய உறுப்பு அறுந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலது முன்கையை இடது கையால் லேசாகப் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களை மட்டும் மடக்கி விரியுங்கள். விரல் அசையும்போது முழங்கைக்குக் கீழே தசை உருள்வது தெரியும். விரல்களை வலுவாக இயக்கும் பெரும்பாலான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை நீளும் கயிறு போன்ற நார்கள்தாம் விரல்களை இழுக்கின்றன. இந்த நார்களுக்குத் தசைநாண் என்று பெயர். உள்ளங்கையில் ஓர் ஆழமான வெட்டு விழுந்தால் விரல் நுனி மடங்காமல் போவது இதனால்தான்.

சுருக்கமாக, பக்கவாதத்தில் கோளாறு மூளையில். காயத்தில் கோளாறு கையில். ஒரே கருவி இரண்டுக்கும் ஒரே மாதிரி உதவ முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மண் சரிந்த சாலையும் கோத்தகிரி வழியும்

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். ஊட்டிக்குப் போய்ச் சேரலாம். ஆனால் நேரம் கூடும், வளைவுகளில் நெரிசல் ஏற்படும், ஓட்டுநருக்குப் பழக வேண்டும். மூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். இறந்த உயிரணுக்கள் திரும்ப வருவதில்லை. ஆனால் பாதிப்பைச் சுற்றியுள்ள பகுதிகளும், தப்பிப் பிழைத்த நரம்பு இழைகளும் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்கக் கற்றுக்கொள்கின்றன. பயிற்சிக்கேற்பத் தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் மூளையின் இந்த இயல்புக்கு நரம்பு நெகிழ்திறன் என்று பெயர்.

கை விஷயத்தில் இது மிகவும் மெதுவாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1930களில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர், விழித்த நிலையில் இருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத்தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைந்தார். அந்த வரைபடத்தில் முதுகும் வயிறும் சேர்ந்து சிறு துண்டு. கையும் விரல்களும் பெரும் பரப்பு. முதுமலைக் காட்டைவிடக் குன்னூர்ப் பேருந்து நிலையத்தைப் பெரிதாக வரைந்த மாவட்ட வரைபடம் போல அது இருக்கும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கொழுந்தை முறிக்கும் நுணுக்கத்துக்கு அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது. நடை திரும்பிவிட்ட பலருக்கும் விரல் திரும்பாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஒரு பருவம் ஆள் நடக்காவிட்டால் புல் மூடிவிடும். சித்தியின் வலது கை நன்றாக இருந்ததால் தட்டெடுப்பது, கதவு திறப்பது, சேலை செருகுவது எல்லாவற்றையும் அதுவே செய்துவிட்டது. இடது கை மடியில் கிடந்தது. இப்படி ஒரு கை, கொஞ்சம் முடியும் என்ற நிலை வந்த பின்னும், பழக்கத்தால் பயன்படாமல் போவதைக் கற்றுக்கொண்ட பயனின்மை என்பார்கள். எட்வர்டு டாப் என்னும் அமெரிக்க ஆய்வாளர் முதலில் குரங்குகளிடம் இதைக் கண்டறிந்து, பின்னர் மனிதர்களுக்கு ஒரு பயிற்சிமுறையை வகுத்தார். நல்ல கைக்கு, விரல்களைத் தனித்தனியாக அசைக்க விடாமல் முழுவதும் மூடும் தடித்த உறை மாட்டி அதைக் கட்டிப்போட்டுவிட்டு, பலவீனமான கையை நாள்தோறும் பல மணி நேரம் வேலை செய்ய வைப்பதுதான் அது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரப் பயிற்சிக்குப் பின் ஏற்பட்ட முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது. அந்தக் கைகளில் மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. விரலையும் மணிக்கட்டையும் சிறிதளவாவது அசைக்க முடிந்தவர்களுக்குத்தான் இம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையில் இருக்கும் இடைவெளி

மூளை புதுவழி பழகுவதற்கு எத்தனை முறை முயல வேண்டும்? விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டிப் பிடிக்கச் செய்த பிறகே மூளையில் மாற்றம் தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரு பயிற்சி அமர்வில் கை சார்ந்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே என்று கண்டது. நூற்றுக்கணக்கில் வேண்டியிருக்கும் இடத்தில் முப்பத்திரண்டு.

இதில் சிகிச்சையாளரின் குறை எதுவும் இல்லை. அவர் நடையையும் பார்க்க வேண்டும், தோளையும் பார்க்க வேண்டும், அடுத்த நோயாளியும் வெளியே காத்திருக்கிறார். கருவி நுழைய வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். எண்ணிக்கையைக் கூட்டுவது, அந்த எண்ணிக்கை சலிக்காமல் பார்த்துக்கொள்வது, முயற்சி சரியாக நடந்ததா என்று அந்தக் கணமே காட்டுவது ஆகியவற்றைத்தான் அதனிடம் எதிர்பார்க்கலாம். மூளையின் வேலையைக் கருவி செய்ய முடியாது.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: மாற்றுவழி மூளைக்குள் உண்டாகிறது, அது வலுப்பெற நோயாளியின் சொந்த முயற்சி வேண்டும், அந்த முயற்சிக்கு மிகுந்த எண்ணிக்கை வேண்டும்.

ரோபோ கையுறை: அசைவது யார்?

நாங்கள் வாங்கிய கையுறையில் ஒவ்வொரு விரலின் முதுகிலும் மடிப்புக் குழாய் ஒன்று ஓடியது. சிறு பெட்டி அதற்குள் காற்றை ஊதினால் விரல் மடங்கும், காற்றை உறிஞ்சினால் விரியும். விற்றவர், தினமும் இரண்டு மணி நேரம் மாட்டினால் மூன்று மாதத்தில் கை வரும் என்றார். சித்தி அதை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். கை திறந்து மூடிற்று. சித்தியின் கவனம் தொடரில் இருந்தது. சில வாரங்கள் கழித்துக் கையுறையைக் கழற்றியபோது விரல்கள் மென்மையாக இருந்தன. ஆனால் தானாக ஒரு விரலும் திறக்கவில்லை.

பிறர் அல்லது இயந்திரம் அசைத்துவிடும் அசைவைச் செயலற்ற அசைவு என்றும், நோயாளி தானே முயன்று அசைப்பதைச் செயல் அசைவு என்றும் சொல்வார்கள். முதலாவதற்கு ஒரு பயன் உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு, மேலிருந்து வரும் கட்டுப்பாடு தளர்ந்ததால் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும் தசை விறைப்பு பலருக்கு வருகிறது. டிசம்பர் காலையில் உறைபனி படியும் நம் ஊர்களில் கை முஷ்டியாக இறுகிக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். அந்தக் கையை மெதுவாகத் திறந்து மூடினால் மூட்டுகள் உறைந்துபோகாமல் இருக்கும். ஆனால் மூளையில் பாதை போட அது போதாது. பிறர் ஓட்டும் பேருந்தில் நூறு முறை போனாலும் கல்லட்டி மலைப்பாதையில் நமக்கு வண்டி ஓட்ட வராது.

எனவே ஒரு கருவியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நோயாளி முயலாவிட்டாலும் இது அசைக்குமா என்பதுதான். நல்ல கருவிகள் நோயாளி முயலும்வரை காத்திருக்கும். அவரால் எட்ட முடியாத மீதித் தூரத்துக்கு மட்டும் தள்ளிக் கொடுக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்னும் கருவியை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மேசைமேல் வைக்கக்கூடிய பெட்டியில் ஒரே ஒரு மோட்டார். மணிக்கட்டுக்கு ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, விரலைத் திறந்து மூட ஒன்று என மாற்றி மாற்றி மாட்டக்கூடிய கைப்பிடிகள். அசைவு திரையில் விளையாட்டாகத் தெரியும். நம் நாட்டின் சிறு சிகிச்சை நிலையத்திலும் வைக்கக்கூடிய அளவில் சிந்தித்துச் செய்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவையும் அதைத் தொடர்ந்த பயிற்சியும் அளித்து, கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு 1940களின் இறுதியிலேயே முன்னோடியாக விளங்கிய இடமும் வேலூர்தான்.

கரண்ட் வைப்பது என்றால் எந்தக் கரண்ட்?

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு சிகிச்சைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வலியைக் குறைப்பதற்காகத் தோலின் வழியே தரும் மின்தூண்டல். அதில் உறுத்தலும் குறுகுறுப்பும் இருக்கும், விரல் அசையாது, அசைக்க வேண்டும் என்பது அதன் நோக்கமும் அல்ல. மற்றது தசையையே சுருங்கச் செய்வது. முன்கையின் முதுகுப் பக்கத்தில் ஒட்டும் பட்டைகளை வைத்து, நொடிக்குப் பல பத்து மின்துடிப்புகளை அனுப்பினால், விரலைத் திறக்கும் தசைகள் சுருங்கி விரல்கள் விரியும். இதைச் செயல்சார் மின்தூண்டல் என்பார்கள். தோள்பட்டை வலிக்கு முதல் வகையை வைத்துக்கொண்டு, கை வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

இரண்டாம் வகையிலும், நோயாளி திறக்க முயலும் அதே கணத்தில் துடிப்பு வந்தால்தான் மூளை அதைத் தன் முயற்சியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதற்கு உதவுவது தசைமின் உணரி. தசை சுருங்க முயலும்போது தோலின்மேல் மிகச்சிறிய மின்னழுத்தம் எழுகிறது. கண்ணுக்கு அசைவே தெரியாத கையிலும் அது எழக்கூடும். உணரி அதைப் பிடித்துத் திரையில் ஒரு கோடாகக் காட்டும், அல்லது அந்த நொடியில் மின்தூண்டலைத் தொடங்கிவைக்கும். சித்திக்கு முதன்முதலில் அந்தப் பட்டையை ஒட்டிய பெண், “திறக்கணும்னு நினைங்கம்மா, கையைப் பார்க்க வேண்டாம், கோட்டைப் பாருங்க” என்றார். கை அசையவில்லை. கோடு மட்டும் ஒரு சிறு மேடு எழுந்து இறங்கிற்று. சித்தி மறுபடி நினைத்தார், மறுபடி மேடு. பக்கவாதம் வந்து அன்றைக்கு ஏழு வாரம். தன் கட்டளை எங்கோ போய்ச் சேர்கிறது என்பதை அவர் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களும் வலிப்பு வருகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கரண்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்றரை அடிக் கண்ணாடி ஒன்றும் கருவிதான். அதை மார்புக்கு நேராக, இரண்டு கைகளுக்கும் நடுவில், முகம் நல்ல கையின் பக்கம் இருக்கும்படி நிறுத்தி, அந்தக் கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் அசைக்க முயன்றால், விழுந்த கை அசைவதுபோலக் கண் மூளைக்குச் சொல்கிறது. தமிழகத்தில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்கிறவர்களுக்காக 1990களில் செய்துபார்த்த உத்தி பின்னர் பக்கவாதத்துக்கும் வந்தது. மற்ற பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் பயன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணாடிக் கடையில் கிடைப்பதால் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

பந்து ஏன் எப்போதும் உதவாது

பக்கவாதம் வந்த கையில் பெரும்பாலும் மூடும் விசை முதலில் திரும்புகிறது, விறைப்பும் மூடும் பக்கமே இழுக்கிறது. ஒரு குவளையைப் பிடிக்க வேண்டுமானால் கை முதலில் திறந்தாக வேண்டும். முஷ்டி திறக்காதவரிடம் பந்தைத் திணித்து நாள் முழுவதும் அமுக்கச் சொல்வது, ஏற்கெனவே வலுவாக இருக்கும் பக்கத்துக்கே பயிற்சி கொடுப்பதாகும். பிடி தளர்ந்து போனவருக்குப் பந்து நல்லது. திறக்க முடியாதவருக்கு, பிடித்த துணியை விடுவது, மேசைமேல் விரல்களை விரித்து நீட்டுவது போன்ற பயிற்சியே முதலில் வேண்டும்.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்லின?

பிரிட்டனில் 770 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ரோபோவுடன் பயின்றவர்களின் கைப்பயன்பாடு வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. 141 பேரிடம் நடந்து 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், திரை விளையாட்டுக் கருவியில் பயின்றவர்களும், சீட்டாட்டம், டாமினோ போன்றவற்றில் அதே நேரத்தைச் செலவிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறினார்கள்.

இதைப் படித்துக் கருவியெல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டுவதும் தவறு. இரண்டாவது ஆய்வைக் கவனியுங்கள்: இரு குழுவினருமே முன்னேறினார்கள். பயிற்சியில் செலவிட்ட நேரம் பயன் தந்தது. அது திரையில் நடந்ததா மேசையில் நடந்ததா என்பது இரண்டாம் பட்சமாயிற்று. முதலாவது ஆய்வு சொல்வது வேறொன்று. இயந்திரத்தின் பிடியைப் பற்றித் தள்ளப் பழகிய கை, அந்தத் தள்ளலில் தேறிவிடலாம். ஆனால் சட்டைப் பொத்தான் போடுவதைத் தனியாகப் பழகாமல் அது வந்துவிடுவதில்லை. கருவியில் கிடைத்த அசைவை அன்றே ஒரு வீட்டு வேலைக்குள் கொண்டுபோக வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

காயம்பட்ட கைக்கு வேறு கணக்கு

இங்கே மூளைக்குப் பாதை போட வேண்டியதில்லை. திசு ஆற வேண்டும். ஆறும் திசுவுக்கு அவசரம் ஆகாது, அதே நேரம் அசையாமல் வைத்தால் தழும்பு ஒட்டிக்கொள்ளும். தைத்த தசைநாணுக்கு முதல் வாரத்திலேயே, ஸ்பிளின்ட் என்னும் தாங்கு பட்டைக்குள் அளவான அசைவைத் தொடங்குவது வழக்கம். வலுவான பிடிக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் பொறுக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் விரலை இழுத்து விரிக்கும் ரோபோ கையுறையை மாட்டினால் தையல் பிய்ந்துவிடக்கூடும். பக்கவாதக்காரருக்கு நூறு முறை செய் என்று சொல்லும் அதே வாயால், இவருக்குப் பத்து முறை, இவ்வளவு தூரம் மட்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோணத்தை அளந்து, எல்லை தாண்டினால் எச்சரிக்கும் உணரிகள் இங்கே பயன்படுகின்றன.

அறுந்து தைக்கப்பட்ட நரம்பு ஏறக்குறைய நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை 18 சென்டிமீட்டர் என்று கொண்டால், உணர்வு நுனியை எட்ட ஆறு மாதம். எந்தக் கருவியும் இந்த வேகத்தைப் பல மடங்காக்கிவிடாது. அந்த மாதங்களில் விரலுக்குச் சூடு தெரியாது. குளிருக்குக் கணப்பில் கை காய்ச்சுகிற நம் வழக்கத்தில், உணர்வற்ற விரல் வெந்துபோன பின்னரே தெரியவரும். பக்கவாதத்தில் உணர்வு மங்கிய கைக்கும் இதே ஆபத்து உண்டு. வெந்நீர்ப் பையைக் கூட முதலில் நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்காமல்

கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூருக்கு வாரம் மூன்று நாள் பேருந்தில் போய்வருவது பக்கவாதம் வந்தவரால் ஆகிற காரியம் இல்லை. கொண்டைஊசி வளைவுகளில் தலைசுற்றி, போய்ச் சேரும்போதே சோர்ந்துவிடுவார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அதைக் கேட்டுப் பெறலாம். இரண்டு வருகைகளுக்கு நடுவில் வீட்டில் நடக்கும் பயிற்சிக்குச் சாதாரணக் கைப்பேசியே பெரும்பாலும் போதும். எங்கள் வீட்டில் அதைச் சொம்பில் சாய்த்து வைத்து, சித்தி விரல் விரிப்பதைப் படம் பிடித்து அனுப்பினோம். மறுபக்கம் பார்த்த சிகிச்சையாளர், விரல் திறக்கும்போது தோள் மேலே ஏறுகிறது, உடம்பு ஏமாற்றுகிறது, முழங்கையை மேசையில் ஊன்றச் சொல்லுங்கள் என்று எழுதினார். அருகில் இருந்த நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

விரைவான மீட்சி முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம். அதற்குப் பிறகு ஒன்றும் ஆகாது என்று கைவிடுவதற்கு ஆதாரம் இல்லை. ஓராண்டு கடந்தவர்களிடமும் தீவிரப் பயிற்சி பலன் தந்திருக்கிறது, ஆனால் படிகள் சிறியவை. சித்தி மறுபடி கொழுந்து பறிக்கப் போகவில்லை. தசைமின் பட்டையில் நாற்பது முறை, உடனே ஒரு கிண்ணம் பச்சைப் பட்டாணி என்பது இப்போது அவருடைய வழக்கம். வலது கை காயைப் பிடித்துக்கொள்ள, இடது கட்டைவிரல் நெற்றைப் பிளந்து மணிகளைத் தள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு கிண்ணத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. போன வாரம் இருபது நிமிடம். ரோபோ கையுறை அலமாரியில் இருக்கிறது. குளிர் அதிகமான காலைகளில், விரல்களைத் தளர்த்துவதற்காகப் பத்து நிமிடம் மட்டும் அதை வெளியே எடுக்கிறோம்.